ஏபிஎஸ் பிரேக்: இயங்கும் விதமும் கோளாறு கண்டறிதலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலை ஒட்டிய பகுதிகளில் ஓடும் கார்களில் ஏபிஎஸ் (பலமாகப் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் நின்றுவிடுவதைத் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரியத் தொடங்கியதும், உரிமையாளர்கள் முதலில் கேட்பது எவ்வளவு செலவாகும் என்பதைத்தான். எது பழுதாகியிருக்கிறது என்று தெரியாதவரை அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடையாது. எதையும் வாங்கும் முன் அளந்து பார்க்க வேண்டும். அப்படி அளப்பதற்குத் தேவையான அளவுக்கு, இந்த அமைப்பு இயங்கும் விதத்தைத் தெரிந்துகொள்ளவும் வேண்டும்.

சாதாரண பிரேக் நன்றாகவே பிடிக்கும்போது ஏபிஎஸ் எதற்கு?

பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டுமே. காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிப்பு. திடீரென்று பெடலை முழு பலத்துடன் மிதிக்கும்போது, சக்கரம் சுழல்வதை நிறுத்திவிட, கார் மட்டும் வழுக்கிக்கொண்டே முன்னே போவதைத்தான் சக்கரம் ‘லாக்’ ஆகிவிட்டது என்கிறோம். அப்போது பிடிப்பு குறைகிறது. அதைவிட ஆபத்தானது, ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் திரும்பாமல் நேராகவே போகிறது. டயர் உருண்டுகொண்டிருந்தால்தான் அதற்குப் பக்கவாட்டுப் பிடிப்பு இருக்கும்.

கார் 60 கி.மீ. வேகத்தில் போகையில் சக்கரத்தின் விளிம்பு 48 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது என்றால், வழுக்கல் 20 சதவீதம். உலர்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிப்பு உச்சத்தை எட்டுவது ஏறத்தாழ 10 முதல் 30 சதவீத வழுக்கலில். நான்கு சக்கரங்களையும் இந்த எல்லைக்குள் வைத்திருப்பதே ஏபிஎஸ்ஸின் முழு வேலை. 1950களில் விமானச் சக்கரங்களில் பயன்பட்ட இந்த எண்ணம், 1978இல் போஷ் நிறுவனத்தின் மின்னணு அமைப்பாக மெர்சிடஸ் எஸ்-கிளாஸ் காரில் வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனைக்கு வரும் கார்களில் இது கட்டாயம்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு வேக சென்சார் இருக்கிறது. சக்கரத்தோடு சுழலும் பல்வளையம் ஒன்றோ, காந்தத் துருவங்கள் மாறி மாறிப் பதிக்கப்பட்ட வளையம் ஒன்றோ அதன் முன்னால் ஓடுகிறது. 48 பற்கள் உள்ள வளையமும் 1.9 மீட்டர் சுற்றளவுள்ள டயரும் என்று வைத்துக்கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் சென்சாரிலிருந்து விநாடிக்குச் சுமார் 420 துடிப்புகள் கட்டுப்பாட்டுக் கணினிக்குப் போகின்றன; 5 கி.மீ. வேகத்தில் 35 மட்டுமே. மிகக் குறைந்த வேகத்தில் ஏபிஎஸ் ஏன் தலையிடுவதில்லை என்பதையும், நிற்கப்போகும் தருணத்தில் ஏன் சில கோளாறுகள் வெளிப்படுகின்றன என்பதையும் இந்த இரண்டு எண்களை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

பானெட்டுக்குள், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் குழாய்கள் சேரும் அலுமினியக் கட்டியைத்தான் ஏபிஎஸ் யூனிட் என்கிறார்கள். அதில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு வால்வுகள் உண்டு. உள்வால்வு சாதாரண நிலையில் திறந்தே இருக்கும். வெளிவால்வு சாதாரண நிலையில் மூடியே இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட மிக வேகமாக வேகத்தை இழந்தால், கணினி முதலில் அதன் உள்வால்வை மூடி அழுத்தம் மேலும் ஏறாமல் தடுக்கிறது. அது போதாவிட்டால் வெளிவால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்குகிறது. சக்கரம் மீண்டும் உருளத் தொடங்கியதும் உள்வால்வு திறந்து அழுத்தம் ஏறுகிறது. இறக்கப்பட்ட பிரேக் ஆயிலை மோட்டார் பம்ப் ஒன்று மாஸ்டர் சிலிண்டரை நோக்கித் திருப்பித் தள்ளுகிறது. இவை அனைத்தும் விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேலும் நடக்கக்கூடும்.

இந்த வால்வுகளுக்கு மின்சாரம் போகாவிட்டால் உள்வால்வு திறந்தும் வெளிவால்வு மூடியும் நின்றுவிடும். அதாவது, பெடலிலிருந்து சக்கரம் வரை வழி திறந்தே இருக்கும். ஏபிஎஸ் மின்சுற்று செயலிழந்தாலும் சாதாரண பிரேக் இருப்பது இந்த அமைப்பினால்தான்.

சடன் பிரேக் போடும்போது பெடல் காலை உதைக்கிறதே, காலை எடுத்துவிட வேண்டுமா?

எடுக்கவே கூடாது. பம்ப் ஆயிலைத் திருப்பித் தள்ளுவதால்தான் அந்த உதைப்பும் ‘கரகர’ என்ற ஓசையும் வருகின்றன. பழைய வண்டிகளில் பழகியவர்கள் விட்டு விட்டு மிதிப்பார்கள். ஏபிஎஸ் உள்ள காரில் அது நிற்கும் தூரத்தை நீட்டிவிடும். விடாமல் அழுத்திப் பிடித்தபடி, இடைவெளி இருக்கும் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும்.

ஏபிஎஸ் இருந்தால் கார் சீக்கிரம் நிற்குமா?

நனைந்த தார்ச்சாலையில் பெரும்பாலும் சீக்கிரம் நிற்கும். மணலிலும் ஜல்லியிலும் அப்படியில்லை. அங்கே லாக் ஆன சக்கரம் தனக்கு முன்னால் மணலைக் குவித்து அந்தக் குவியலில் முட்டி நிற்கும், உருளும் சக்கரத்துக்கு அந்த உதவி கிடைக்காது. எண்ணூர் விரைவுச் சாலையில் கடற்கரை மணல் படிந்த ஓரங்களில் ஓட்டுபவர்கள் இதை மனத்தில் வைத்து, முன்னால் போகும் டிரெய்லருக்கும் தமக்கும் இடையே கூடுதல் இடைவெளி விட வேண்டும். மணலிலும் ஸ்டியரிங் நம் கையில் இருக்கும் என்பது ஏபிஎஸ்ஸின் பயன். நிற்கும் தூரத்துக்கு அது உத்தரவாதம் தருவதில்லை.

மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டியை ஓட்டலாமா?

சாவியைத் திருப்பியதும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றாலோ, ஓடும்போது எரிந்தாலோ, கணினி ஒரு கோளாறைக் கண்டு ஏபிஎஸ்ஸை நிறுத்திவைத்திருக்கிறது என்று பொருள். மஞ்சள் மட்டும் எரிந்து, பெடல் வழக்கம்போல் உறுதியாக இருந்தால், ஏபிஎஸ் இல்லாத காரை ஓட்டுவதுபோல் நிதானமாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிச் செல்லலாம்.

மஞ்சளோடு சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நிலைமை வேறு. ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்கிறதா, பிரேக் ஆயில் அளவு சரியாக இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் சிவப்பு அணையவில்லை என்றால், முன்–பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பங்கிடும் இபிடி அமைப்பும் செயலிழந்திருக்கக்கூடும். அந்நிலையில் பலமாகப் பிரேக் பிடித்தால் பின்சக்கரங்கள் முதலில் லாக் ஆகி, வண்டி சுழன்றுவிடும் அபாயம் உண்டு. அத்தகைய காரை ஓட்டிச் செல்லாமல் இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புவதே சரி.

எங்கள் பகுதியில் இந்த விளக்கு எரிவதற்கு எது அதிகக் காரணம்?

சக்கரத்தின் அருகிலுள்ள துருவும் ஒயரும்தான். உப்புக் காற்றில் நிற்கும் காரில் சென்சார் பொருந்தும் இரும்புத் துளையின் விளிம்பு துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை எடுத்துக்கொள்ளும்; ஆகவே அது சென்சாரின் அடியில் படலம் படலமாக வளர்ந்து சென்சாரை வளையத்திலிருந்து மெல்ல வெளியே தள்ளுகிறது. சென்சாரின் முனைக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி பொதுவாக ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அதில் அரை மில்லிமீட்டர் கூடினாலே சிக்னல் பலவீனமாகிவிடும்.

காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போய்வரும் ஒரு வாடகைக் காரில் அண்மையில் பார்த்தது இது. முன் இடது சக்கரத்தைக் கழற்றியபோது சென்சார் வெளிப்பார்வைக்குப் பழுதில்லாமல் இருந்தது. அதைப் பிடித்திருந்த ஒற்றைப் போல்ட்டைக் கழற்றிய பிறகும் சென்சார் அசையவில்லை. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, ஊறவிட்டு, இடமும் வலமுமாகத் திருகித் திருகி வெளியே எடுத்தபோது, அதன் காதுப் பகுதிக்கு அடியில் நகத்தின் தடிமனுக்குப் பழுப்பு நிறச் செதில்கள் உதிர்ந்தன. துளையையும் அது அமரும் பரப்பையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, அதே சென்சாரைத் திரும்பப் பொருத்தியதும் நான்கு சக்கரங்களின் வேகமும் ஒன்றுபோல் வந்தன. புதிய சென்சாரை அந்தத் துருவின் மேலேயே பொருத்தியிருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

அடுத்த காரணம் ஒயர். முன்சக்கரங்களின் சென்சார் ஒயர், ஸ்டியரிங் திரும்பும்போதும் சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போதும் வளைந்துகொண்டே இருக்கிறது. உறைக்குள்ளேயே செம்பு இழைகள் அறுந்து, வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கும். பேட்டரியில் வோல்ட்டேஜ் குறைவது, டயர்களின் அளவு ஒன்றுக்கொன்று மாறியிருப்பது, யூனிட்டின் எர்த் முனை அரித்துப்போவது ஆகியவையும் விளக்கை எரியவைக்கும்.

ஸ்கேனரில் (கோளாறு படிக்கும் கருவி) ‘முன் இடது வேக சென்சார்’ என்று கோட் (கோளாறு எண்) வந்தது. சென்சாரை மாற்றிவிடலாமா?

இந்த ஒரு கேள்விக்குத் தவறான விடை சொல்லப்படுவதால்தான் அதிகப் பணம் வீணாகிறது. சி0035 என்ற கோட் முன் இடது சக்கரத்தையும், சி0040 முன் வலதையும், சி0045 பின் இடதையும், சி0050 பின் வலதையும் குறிக்கும். நிறுவனங்கள் தமக்கென்று வேறு கோட்களையும் வைத்திருப்பது உண்டு. இடது, வலது என்பது டிரைவர் இருக்கையில் அமர்ந்து முன்னோக்கிப் பார்க்கும்போது உள்ள இடது, வலது. எந்தக் கோடாக இருந்தாலும் அது சொல்வது, அந்தச் சக்கரத்திலிருந்து வரவேண்டிய சிக்னல் ஒழுங்காக வரவில்லை என்பதை மட்டுமே. சென்சார், வளையம், இடைவெளி, ஒயர், கனெக்டர், பேரிங்கின் ஆட்டம், கணினியின் உள்சுற்று ஆகிய எதுவும் அதே கோடைத் தரக்கூடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விலை மலிவான ஓபிடி கருவிகள் (கோட் படிக்கும் சிறு ஸ்கேனர்கள்) பல, எஞ்சின் கோட்களை மட்டுமே படிக்கும். அவை ‘கோளாறு இல்லை’ என்று காட்டுவதை நம்பி ஏமாறக்கூடாது. ஏபிஎஸ் கணினியோடு பேசக்கூடிய ஸ்கேனர்தான் தேவை. கோட்களைக் குறித்துக்கொண்ட பிறகு நேரடித் தரவுப் பக்கத்தைத் திறந்து, மற்றொருவர் வண்டியை 20 கி.மீ. வேகத்தில் நேராக ஓட்ட, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று முழுவதும் பூஜ்யமாக இருந்தால் ஒயரிலோ சென்சாரிலோ துண்டிப்பு இருக்கலாம். ஒன்று ஓடிக்கொண்டே நடுநடுவே பூஜ்யத்துக்கு விழுந்தால் வளையத்தில் வெடிப்பையோ தளர்ந்த கனெக்டரையோ சந்தேகிக்கலாம். மூன்று சக்கரங்கள் 20 காட்ட, நான்காவது 21 என்றே தொடர்ந்து காட்டினால், சென்சாரைத் தொடும் முன் அந்த டயரின் காற்றழுத்தத்தையும் அளவையும் பாருங்கள்.

மல்டிமீட்டரால் சென்சாரைச் சோதிக்க முடியுமா?

முடியும், ஆனால் முதலில் அது எவ்வகைச் சென்சார் என்று காரின் சர்வீஸ் குறிப்பேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய வகை, காந்தத்தைச் சுற்றிக் கம்பிச் சுருள் சுற்றிய சென்சார். கனெக்டரைக் கழற்றி இரு முனைகளுக்கிடையே அளந்தால் பெரும்பாலும் 800 முதல் 2,000 ஓம் வரை காட்டும். காருக்குக் கார் மாறும் என்பதால் எதிர்ப்பக்கச் சக்கரத்தையும் அளந்து ஒப்பிடுவது நல்லது. ஒரு முனைக்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பு காட்டவே கூடாது. ஜாக்கியில் தூக்கி, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுழற்றினால் வோல்ட்டேஜ் தோன்றி, சுழற்சி கூடக்கூட அதுவும் ஏற வேண்டும்.

இப்போதைய கார்களில் இருப்பது பெரும்பாலும் மின்சாரம் கொடுத்தால் மட்டுமே இயங்கும் சென்சார். அதை ஓம் மீட்டரால் அளக்கக்கூடாது. அளவும் பொருளற்றது, உள்ளே இருக்கும் சிப்பும் கெட்டுப்போகலாம். கனெக்டரைக் கழற்றி, சாவியை அணைத்து மீண்டும் போட்டு, வண்டிப் பக்கத்து ஒயர்களில் வோல்ட்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். பல கார்களில் அது பேட்டரி வோல்ட்டேஜுக்கு நெருக்கமாக இருக்கும். கோளாறைக் கண்ட கணினி அந்தச் சுற்றுக்கு மின்சாரத்தை நிறுத்திவைப்பது உண்டு என்பதால்தான் சாவியை அணைத்துப் போடச் சொல்கிறோம். இவ்வகைச் சென்சாரின் சிக்னல் மின்னோட்டமாக வருகிறது: சுமார் 7 மில்லிஆம்பியருக்கும் 14 மில்லிஆம்பியருக்கும் இடையே மாறி மாறித் துடிக்கும். சாதாரண மீட்டரைத் தொடராக இணைத்து, சக்கரத்தை மிக மெதுவாக நகர்த்தினால் இந்த இரண்டு நிலைகளும் தெரியும்.

ஒயரைச் சோதிக்கையில் அதை அசைத்துக்கொண்டே அளக்க வேண்டும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி ஒரு முறை, மறுபக்கம் திருப்பி ஒரு முறை என்று அளந்தால், அசையாமல் வைத்து அளந்தபோது ஒளிந்திருந்த துண்டிப்பு வெளியே வரும்.

விளக்கு எரியவில்லை. ஆனால் சிக்னலில் மெதுவாக நிற்கப்போகும்போது பெடல் உதைக்கிறது. ஏன்?

மூலக்கடையிலும் மின்ட்டிலும் நெரிசலில் ஊர்ந்து ஓட்டுபவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. பத்து கி.மீ.க்கும் குறைந்த வேகத்தில் ஒரு சக்கரத்தின் சிக்னல் மட்டும் மற்றவற்றுக்கு முன்பே மறைந்துபோனால், அந்தச் சக்கரம் லாக் ஆகிவிட்டது என்று கணினி முடிவு செய்து அதன் அழுத்தத்தை இறக்குகிறது. உலர்ந்த சாலையிலேயே கார் ஓர் அடி கூடுதலாக நழுவிப்போகும். கோட் எதுவும் பதிவாகாததால் பேட், டிஸ்க் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பார்கள். நேரடித் தரவை வைத்துக்கொண்டு மிக மெதுவாக நிறுத்திப் பார்த்தால், எந்தச் சக்கரம் 6, 7 கி.மீ.யிலேயே பூஜ்யத்துக்குத் தாவுகிறது என்பது திரையில் தெரிந்துவிடும். அங்கே துரு, கூடிய இடைவெளி, ஆக்சில் மேல் வெடித்த பல்வளையம் ஆகிய மூன்றில் ஒன்று இருக்கும்.

வீல் பேரிங் மாற்றிய மறுநாளே விளக்கு எரிகிறது. பேரிங் மட்டமானதா?

மட்டமானதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல கார்களில் காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே பதிக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரிவதால் திருப்பிப் போட்டுவிடுவது எளிது. ஒரு சிறிய ஊக்கை அருகே கொண்டுபோனால் காந்தப் பக்கம் அதை மெல்ல இழுக்கும். பொருத்தும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. சுத்தியலால் அடித்து ஏற்றினாலும் அந்த வளையம் நசுங்கிவிடும். பிரஸ்ஸில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். டிஸ்க்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் காந்த வளையத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், திறந்த பேரிங்கைத் தரையில் வைப்பதும் கூடாது.

கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி வந்த பிறகு விளக்கு எரிகிறது. என்ன செய்வது?

யூனிட் பொதுவாக பானெட்டுக்குள் உயரத்தில் இருப்பதால், முழங்கால் அளவுத் தண்ணீரில் முதலில் நனைவது சக்கரத்தருகே உள்ள கனெக்டர்கள்தான். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, அந்தக் கனெக்டர்களைத் திறந்து, கான்டாக்ட் கிளீனர் தெளித்து உலரவிடுங்கள். பச்சை படிந்த உலோக முனை (பின்) இருந்தால் அது சுத்தம் செய்த பிறகும் திரும்பக் கெடும். கனெக்டரை மாற்றுவதே வழி. உலர்ந்ததும் விளக்கு தானாக அணைந்தாலும், அடுத்த மழைக்கு முன் அந்த ரப்பர் சீல்களைப் பார்த்துவிட வேண்டும்.

‘ஏபிஎஸ் யூனிட் போய்விட்டது’ என்கிறார்கள். நம்பலாமா?

பம்ப் மோட்டார் சுற்று, வால்வு ரிலே, கணினியோடு தொடர்பின்மை ஆகியவற்றைச் சொல்லும் கோட்கள் இருந்தால் மட்டுமே அந்தப் பேச்சுக்கு இடமுண்டு. அப்போதும் முதலில் பார்க்க வேண்டியவை பியூஸ்கள். மோட்டாருக்கு ஒன்று, வால்வுகளுக்கு ஒன்று, சாவி வழி வரும் மின்சாரத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். பிறகு, யூனிட்டின் எர்த் ஒயர் பாடியில் இணையும் இடம். மோட்டார் இயங்கும்போது அந்த எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே கணிசமான வோல்ட்டேஜ் காட்டினால், பழுது அங்கேதான் இருக்கிறது. நமது கடற்கரைக் காற்றில் அந்த ஒரு போல்ட்டைக் கழற்றித் தேய்த்துப் பூட்டுவதே பல வண்டிகளுக்கு மருந்தாகிவிடுகிறது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கோட் திரும்ப வந்தால் யூனிட்டைச் சந்தேகிக்கலாம். சில யூனிட்களில் கணினிப் பகுதியை மட்டும் பிரித்து, வெடித்த சால்டர் இணைப்புகளைச் சரிசெய்கிறார்கள். பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய யூனிட் வாங்குபவர்கள் பாக எண் முழுவதும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தினாலும் பல கார்களில் ஸ்கேனர் மூலம் அதைக் காருக்கு ஏற்பப் பதிவு செய்யாமல் இயங்காது. யூனிட்டை மாற்றிய பிறகு உள்ளே சிக்கும் காற்றை வெளியேற்ற, ஸ்கேனரால் பம்பையும் வால்வுகளையும் இயக்கிக்கொண்டே பிளீடிங் செய்ய வேண்டியிருக்கலாம். அது செய்யப்படாத காரில் பெடல் பஞ்சுபோல் இறங்கும்.

பிரேக் ஆயிலுக்கும் ஏபிஎஸ்ஸுக்கும் என்ன தொடர்பு?

டாட் 3, டாட் 4 தரப் பிரேக் ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பின்பு அதற்கான வரம்பு 155 டிகிரிதான். அந்த ஈரம் யூனிட்டுக்குள் இருக்கும் நுண்ணிய வால்வுகளையும் பம்பையும் அரிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் மாற்றிவிடுவது நல்லது. திறந்து வைத்த பழைய டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டாம்.

துறைமுகத்துக்கு ஓடும் டிரெய்லர் லாரிகளில் இருப்பதும் இதுவேதானா?

கொள்கை ஒன்றே, ஆனால் அங்கே ஆயிலுக்குப் பதில் காற்றழுத்தம். அழுத்தத்தை இறக்கும்போது வால்வு காற்றை வெளியே விடும் ஓசையைக் கேட்கலாம். சென்சாரைப் பொருத்தும் முறையும் மாறுபடும்: ஸ்பிரிங் உறை ஒன்று அதை இறுக்கிப் பிடித்திருக்கும். பல்வளையத்தில் படும் வரை கையால் தள்ளிவிட்டால், சக்கரம் சுழலும்போது தேவையான இடைவெளி தானாக அமைந்துகொள்ளும். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அதே சக்கரம் சென்சாரைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகும். ஆகவே லாரியில் ஒரே சக்கரத்தின் கோட் திரும்பத் திரும்ப வந்தால், சென்சாரைத் தள்ளிவிடுவதோடு நிற்காமல் பேரிங்கை இறுக்கிச் சரிசெய்ய வேண்டும்.

விளக்குத் தொந்தரவு தாங்காமல் பல்பைக் கழற்றிவிட்டார்கள். பழைய கார் வாங்கும்போது இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

விளக்கை அணைத்துவைப்பவர் தம்மை மட்டுமல்ல, அடுத்து அந்தக் காரை வாங்கி நம்பி ஓட்டப்போகும் ஒரு குடும்பத்தையும் ஆபத்தில் விடுகிறார். வாங்கும் முன் எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால் பல்பு கழற்றப்பட்டிருக்கலாம், அல்லது ஒயர் வெட்டப்பட்டிருக்கலாம். எரிந்தாலும், ஏர்பேக் விளக்கோ எஞ்சின் விளக்கோ அணையும் அதே நொடியில் இதுவும் அணைந்தால், இரண்டையும் ஒன்றாக இணைத்திருக்கிறார்களோ என்று ஐயப்பட இடமுண்டு. பிறகு ஏபிஎஸ் கணினியோடு பேசும் ஸ்கேனரை இணைத்துக் கோட்களைப் படியுங்கள். கடைசியாக, ஆள் நடமாட்டமும் பின்னால் வண்டியும் இல்லாத நேராக உள்ள சாலையில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, 30 அல்லது 40 கி.மீ. வேகத்திலிருந்து பெடலை முழுவதும் மிதித்துப் பாருங்கள். பெடல் காலில் துடித்து, டயர் கீச்சிட்டு லாக் ஆகாமல், கார் நேராக நின்றால் ஏபிஎஸ் வேலை செய்கிறது.